வீடியோ காலில் வராத நடை

மளிகைக் கடை பாய் இன்று போனை என் பக்கம் திருப்பினார். நான் வரைந்து, நேற்று இணையத்தில் போட்ட அனிமேஷன் பாட்டு.

அதில் ஒருவர் உப்பளத்து வரப்பில் நடந்து போய்க்கொண்டே இருப்பார். முகம் தெரியாது, முதுகு மட்டும்தான்.

"ஏம்மா, இது நம்ம ரியாஸ்தானே? வலது காலை லேசா இழுத்து இழுத்து வைக்கிறான் பாரு, அவனேதான்!"

ரியாஸ் என் கணவர். துபாயில் இருக்கிறார். தினமும் வீடியோ காலில் முகம் வந்துவிடுகிறது, நடை வருவதில்லை. அதனால்தான் நடையை மட்டும் வரைந்தேன். ஞாபகத்திலிருந்து, ஒவ்வொரு அடியாக.

கடையை விட்டு வெளியே வந்ததும் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"பாட்டு சூப்பர்டி. ஆனா யாரு அந்த ஆளு? காலை இழுத்துக்கிட்டு நடக்கிறான், பார்க்கவே நல்லா இல்ல. அதை மட்டும் சரி பண்ணிடு."

வெயிலில் அப்படியே நின்று இரண்டு முறை கேட்டேன்.

"நீங்க நேர்ல வந்து நடந்து காட்டுங்க, மாத்திடறேன்" என்று நானும் வாய்ஸிலேயே அனுப்பிவிட்டேன்.

கேட்டுவிட்டார்.

உங்கள் வீட்டுக்காரருக்காவது தன் நடை எப்படி இருக்கும் என்று தெரியுமா? பக்கத்தில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்களேன்.