துண்டுக்குள் ஒரு ரேஷியோ

போன சந்தையில், துண்டுக்குள் இருந்து கையை உருவிக்கொண்டேன்.

மாட்டுத் தரகு செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கை மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். உள்ளே விரலைப் பிடித்து விலை. ஒரு விரல் நூறு ரூபாய். ஐந்தும் பிடித்தால் ஐந்நூறு. விலை ஒத்துப்போனால் கையை இறுக்கிப் பிடிப்போம். அதோடு முடிந்தது. இறுக்கிய கையை உருவுகிறவன் தரகன் இல்லை.

நான் உருவினேன்.

ஏன்? வாராவாரம் நான் இங்கே எழுதும் இந்தப் பத்தியால்தான்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடலைக்காய் விற்றுக் கையில் காசு இருந்த சமயம், ஷேர் வாங்குவது பற்றி எழுதினேன். சேலம் பக்கத்து நூல் மில் ஒன்றில் எனக்குக் கொஞ்சம் ஷேர் உண்டு. அந்தத் தைரியம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் ஷேரைப் பற்றி எழுதலாமா? கம்பெனியின் வருஷக் கணக்கு இங்கிலீஷில் வரும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண்கள் எல்லா பாஷையிலும் ஒன்றுதானே... அப்படித்தான் நினைத்தேன்.

சேலத்து ஷேர் புரோக்கர் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. ரேஷியோ என்பார். ஒரு ஷேரின் விலையை, அந்த ஒரு ஷேருக்கு வருஷத்தில் கிடைத்த லாபத்தால் வகுக்க வேண்டும். மில் ஷேரின் விலை அறுபது. லாபம் பத்து. வகுத்தால் ஆறு. மற்ற மில்களுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வந்தது. எண் சிறிதாக இருந்தால் ஷேர் மலிவு.

இன்னொரு கணக்கும் எழுதினேன். கையில் உள்ள ரொக்கம், குடோனில் உள்ள சரக்கு, வர வேண்டிய பாக்கி — இவற்றைக் கூட்டி, கம்பெனி சீக்கிரத்தில் கட்ட வேண்டிய கடனால் வகுப்பது. இரண்டு வந்தால் தெம்பான கம்பெனி. இந்த மில்லுக்கு இரண்டுக்கு மேலேயே வந்தது.

'மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பது போல, கம்பெனிக்கு இந்த இரண்டு எண்' என்று முடித்திருந்தேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது. சந்தையில் நாலு பேர் அதைச் சொல்லிக் கை கொடுத்தார்கள். டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

சென்ற மாதம் சலீம் பாய் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் தர்மபுரியிலேயே நூல் வியாபாரம் செய்கிறவர். பேச்சோடு பேச்சாக மில்லைப் பற்றிக் கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த மில் நூலை இப்போது நெசவுக்காரர்கள் யாரும் எடுப்பதில்லையாம். ராத்திரி ஷிப்டை நிறுத்திவிட்டார்களாம். குடோன் கூரை வரைக்கும் நூல் மூட்டை.

குடோன் நிறைய சரக்கு இருந்தால் நல்லதுதானே என்றேன். எனக்கு வந்த இரண்டு என்ற எண்ணே அந்தச் சரக்கால்தான் வந்தது.

"கணக்குல எழுதினா அது சொத்துங்க. விக்கலைன்னா வெறும் மூட்டைங்க" என்றார் பாய்.

எனக்கு அப்போதே சந்தை மாடுதான் ஞாபகம் வந்தது. விற்கக் கொண்டுவரும் பசுவை ஒரு வேளை கறக்காமல் ஓட்டி வருவார்கள். மடி கனத்துத் தெரியும். புதிதாக வாங்க வருகிறவன் மடியைப் பார்த்து மயங்குவான். நான் ஒருநாளும் மயங்கியதில்லை. கை வைத்தாலே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் மில் குடோனைப் பார்த்து மயங்கியிருக்கிறேன்.

சரி, தெரிந்துவிட்டது. அந்த வாரமே இங்கே எழுதியிருக்க வேண்டாமா? எழுதினேன் — மாட்டுக் கொட்டகையில் ஈ விரட்டுவது எப்படி என்று.

அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே போனது. இதற்குள் ஷேர் விலை முப்பதுக்கு வந்துவிட்டது.

போன சந்தைக்கு முனுசாமி வந்தார். பென்னாகரம் பக்கம், சின்ன விவசாயி. எனக்குப் பழக்கம். கையில் ஒரு செவலைப் பசு. ஈன்று அதிக நாள் ஆகவில்லை. அவர் வீட்டில் இருக்கும் ஒரே கறவை அதுதான். ஆறு வந்தால் விட்டுவிடலாம் என்று துண்டுக்குள் சொன்னார். அறுநூறு. நியாயமான விலைதான்.

கறக்கிற மாட்டை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் நீங்க சொன்னதுதானுங்கண்ணா" என்றார். கடலைக்காய்க் காசில் அந்த மில் ஷேர் வாங்கியிருக்கிறார். என் பத்தியை மகள் படித்துக் காட்டியதாம். இப்போது பசுவை விற்று இன்னும் வாங்கப் போகிறார்.

"விலைதான் எறங்கிக்கெடக்குதே, முனுசாமி."

"அதுக்குத்தானுங்கண்ணா. முப்பதப் பத்தால வகுத்தா மூணு. ஆறே மலிவுன்னு எழுதினீங்க. மூணு இன்னும் மலிவுதானுங்களே?"

வகுத்தல் சரி. ஒரு தப்பும் சொல்ல முடியாது.

வீட்டில் சம்மதமா என்றேன். வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் பேசவில்லை என்றார். சொசைட்டிக்குப் பால் ஊற்றி வரும் காசில்தான் வாரம் ஓடுகிறது. தெரிந்துதான் ஓட்டி வந்திருக்கிறார். என்னை நம்பி.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்த அதே டீக்கடை. வாய் வரவில்லை. ஒரு குறுக்கு வழி தோன்றியது. எவனும் கொடுக்காத விலையைக் கேட்டுவிட்டால் மாடு விற்காது. அவர் வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுவார். நானும் தப்பித்தேன்.

நாகப்பா வந்தார். ஓசூர் பக்கத்து வியாபாரி. வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். பல வருஷமாக என்னிடம் மாடு பிடிக்கிறவர். துண்டைப் போட்டேன். ஐந்து விரலையும் பிடித்தேன். விட்டு, மறுபடி நான்கு. தொள்ளாயிரம்.

அவர் பசுவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பசுவைத் தலை முதல் வால் வரை பார்த்தார். போய்விடுவார் என்று நின்றேன்.

கையை இறுக்கினார். "ஆயித்து" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

"என்ன நாகப்பா... விலை தெரிஞ்சுதான் பிடிக்கிறீங்களா?"

"எனக்குத் தெரியலீங்க. நீங்க கேக்கறீங்கன்னா அதுல என்னமோ இருக்குது."

அப்போதுதான் கையை உருவினேன்.

பக்கத்தில் இருந்த தரகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முனுசாமி ஒன்றும் புரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இனி சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். மாடு சாதாரண மாடு, அறுநூறு பெறும். ஷேர் வாங்க வேண்டாம். நான் எழுதியது தப்பு.

"அப்ப அந்த வகுத்தல் கணக்கு பொய்யிங்களா?" என்றார் முனுசாமி.

"கணக்கு பொய்யில்ல. மேல வெச்ச முப்பது இன்னிக்கு விலை. கீழ வெச்ச பத்து போன வருசத்து லாபம். இந்த வருசம் அந்தப் பத்து வராது. மில் பாதி நின்னுபோச்சு. போன ஈத்துல கறந்த பாலச் சொல்லி, வத்திப்போன மாட்ட வித்தா வாங்குவீங்களா?"

"வாங்க மாட்டனுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆறு என்றால் மலிவு என்று சொல்லிக்கொடுத்தவன் இதையும் அன்றைக்கே சொல்லியிருந்தால்... சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்ண்ணா?"

சென்ற மாதம் என்றேன்.

அவர் பசுவின் பக்கம் திரும்பினார். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"தெரிஞ்சும் துண்டு போட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை.

டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர், "தரகரே, கம்பெனிக்கு இன்னொரு தடவ பல்லப் புடிச்சுப் பாருங்க" என்றார். என் வரிதான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கையில் இருக்கும் ஷேரை விற்பதா, வைத்திருப்பதா என்று முனுசாமி கேட்டார். தெரியாது என்றேன். என்னுடையதும் அப்படியேதான் கிடக்கிறது. தெரியாது என்ற சொல் அன்றைக்குத்தான் என் வாயில் வந்தது. ஷேர் பற்றி எழுதிய அந்தப் பத்தியிலேயே வந்திருக்க வேண்டும்.

அந்த ரேஷியோக்களில் குறை இல்லை. எனக்கு இப்போதும் அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் விலையைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம். லாபம் பழசா புதுசா, சரக்கு விற்குமா விற்காதா — இதைக் கேட்க ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. சலீம் பாய் கடை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எழுதும் முன் போகவில்லை. எழுதிய பிறகு போனேன்.

முனுசாமி, உங்கள் மகள் இதையும் படித்துக் காட்டுவாள். அதற்காகத்தான் எழுதினேன். இனி எதற்கும் நான் சொன்னதாக வீட்டில் காரணம் சொல்ல வேண்டாம். பால் ஊற்றுவதை நிறுத்தாமல் இருங்கள்.

அன்றைக்கு அவர் பசுவை ஓட்டிக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே நாகப்பா போய்க்கொண்டிருந்தார், தொள்ளாயிரத்து ஐம்பது தருகிறேன் என்று.

சாதாரண மாடு என்று நாலு பேர் முன்னால் சொன்னேனே — அதை மட்டும் நாகப்பா நம்பவில்லை.