கால்வாய்த் தெரு வீட்டின் வாடகை

சாவியக்கா என்று சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே யோசிப்பார். இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதில் ஒன்றுகூட அவள் வீட்டுச் சாவி இல்லை. அவள் வீட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். திருடன் வந்தால் பாவம் பார்த்து ஏதாவது வைத்துவிட்டுப் போவான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தொழில் துடைப்பத்தில் தொடங்கியது. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன வருஷம், மகளுக்கு ஏழு வயது. காலியான வீடுகளைக் கூட்டிக் கழுவிவிடும் வேலைக்குப் போனாள். வீட்டுக்காரர்கள் சாவியை அவளிடமே விட்டுவைத்தார்கள். யாராவது பார்க்க வந்தால் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டியவள் நாலு வார்த்தை பேசினாள். அந்த நாலு வார்த்தையில் வீடு படிந்தது. அப்புறம் துடைப்பத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அரை மாத வாடகை தரகு என்று வைத்துக்கொண்டாள்.

கிடங்குகளிலும் கம்பெனிகளிலும் வேலைக்கு வந்து இறங்குகிற குடும்பங்கள் அவளைத்தான் தேடி வரும். எந்தத் தெருவில் வாடகை குறைச்சல், ஆனால் குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எங்கே வாடகை கூடுதல், ஆனால் பஸ் செலவு மிச்சம். எந்த வீட்டுக்காரி வருகிற விருந்தாளியை எண்ணிக்கொண்டு நிற்பாள். எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். குடும்பத்தின் வருமானத்தைக் கேட்காமலே, செருப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

அவள் பொய் சொல்வதில்லை. நேரம் பார்த்துக் காட்டுவாள். தகரக் கூரை போட்ட மாடி அறையைக் காலை ஏழு மணிக்கு. பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வீட்டைப் பட்டறைக்கு விடுமுறை நாளில். குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வருகிற வீடென்றால் முந்தின நாளே தொட்டியை நிரப்பிவைத்துவிட்டு. பார்க்கிறவர்களுக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி. இப்படித்தான் மகளைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள்.

மருமகன் கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். நல்ல பையன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. மகள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை; வயிற்றில் இன்னொன்று. அந்த வருஷம் கிடங்கில் கூடுதல் நேர வேலையை நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்கு வாடகை ஏறியது.

மருமகன் ராஜ்யத்தைப் பிரிக்கிறவன் மாதிரி உட்கார்ந்து கணக்குப் போட்டான். இருக்கிற வீடு ஒரு பக்கம், வேறு இடங்கள் ஒரு பக்கம். வாடகை, முன்பணம், பஸ், பால், தண்ணீர்க் கேன் என்று போனில் வரிசையாக ஏற்றினான். ஊருக்கு வெளியே போனால் வாடகை குறையும், மிச்சத்தைப் பஸ் தின்றுவிடும். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வந்தால் பஸ் மிச்சம், பாலுக்குக் கூட மிஞ்சாது. பத்து நாள் இப்படிப் போட்டு அழித்தான். பதினோராம் நாள் மாமியார் வீட்டுக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

கூட வேலை பார்க்கிறவன் மூலமாக ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம். இரண்டு அறை, தனிச் சமையலறை, தனிக் குழாய். கிடங்குக்கு நடந்தே போகலாம். வாடகை இப்போது கொடுப்பதில் பாதி. வீட்டுக்காரர் கடிகாரக் கடை வைத்திருப்பவராம்.

சாவியக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கால்வாய்த் தெருவா, மாப்பிள்ளை?"

"கடைசி வீடு, அத்தை. எலி வளைன்னாலும் தனி வளை. பொந்துல கிடந்தது போதும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு தையல்காரரையும் அவர் மனைவியையும் குடிவைத்தது அவள்தான். கோடைக்காலம். கால்வாயில் காலை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. சாவியைக் கொடுக்கும்போதே கடிகாரக் கடைக்காரர் அவளிடம் சொல்லியிருந்தார்: மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும், வந்தால் சுவரில் கரண்ட் இறங்கும், உடனே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிடு. அவள் சொல்லவில்லை. முதல் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. தையல் இயந்திரத்தை மேலே தூக்கிவைக்கப் போன அந்தப் பெண் சுவரைப் பிடித்தாள்.

சாவியக்கா சாவு வீட்டுக்குப் போனாள். பெண்களோடு உட்கார்ந்து அழுதாள். தையல்காரர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, நீங்கள் நல்ல வீடாகத்தான் காட்டினீர்கள், எங்கள் நேரம் என்றார். அந்தக் கும்பிடு அவள் தலையில் கல்லாக இறங்கியது. பதினைந்து நாளில் அவர் இயந்திரத்தை விற்றுவிட்டு எங்கோ போனார். வீட்டுக்காரர் பிளக்கை ஓர் அடி மேலே ஏற்றி, சுண்ணாம்பு அடித்தார். வயர் பழைய வயர்தான். பிறகு அட்டைப்பெட்டி அடுக்கிவைக்க வீடு போனது. இப்போது மறுபடியும் குடும்பத்துக்கு வந்திருக்கிறது.

தான் செய்ததைச் சொல்லாமலே மகளைத் தடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். ஒரு வீட்டின் குறையை மறைக்கத் தெரிந்தவளுக்குக் காட்டத் தெரியாதா?

உச்சி வெயிலில் மகளையும் மருமகனையும் குழந்தையோடு கூட்டிக்கொண்டு போனாள். அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று எதிர்பார்த்தாள். கால்வாய்ப் பக்கத்து ஜன்னலைத் திறந்ததும் காற்று ஜிலுஜிலு என்று வந்தது. குழந்தை தரையில் படுத்து உருண்டது. மாலையில் கொசுவைக் காட்டலாம் என்று இன்னொரு தரம் போனால், அன்றைக்குத்தான் தெருவில் புகை அடித்திருந்தார்கள். மருந்துக்குக்கூட ஒரு கொசு இல்லை. அவள் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினாள். சுண்ணாம்பு புதுசு, பொரிந்து விழவில்லை. மழைக்குத் தண்ணீர் வரும் என்று வாய்விட்டே சொன்னாள். எந்தத் தெருவில்தான் வரவில்லை என்றான் மருமகன்.

"அத்தைக்கு வேற ஒண்ணுமில்லை. வீட்டை நானே புடிச்சுட்டேன், தரகு போச்சு. அந்த வயித்தெரிச்சல்."

மகளும் சிரித்தாள். சாவியக்காவும் சிரிக்க வேண்டியிருந்தது.

முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் மகள் வீட்டுக்குப் போனாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தான். குழந்தை தூங்கியது. மகள் பாத்திரங்களை இப்போதே சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு அவசரம்.

"அந்த டெய்லர் சம்சாரம் செத்தது கால்வாய்த் தெரு வீட்டுலதான்."

மகளுக்குச் சாவு தெரியும், வீடு தெரியாது. சாவு விழாத வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்கு அந்த வாடகை வேண்டும்.

"தண்ணி வந்தா சுவர்ல கரண்ட் இறங்கும்டி. வீட்டுக்காரர் எங்கிட்ட முன்னாடியே சொன்னார். அவங்ககிட்ட சொல்லச் சொன்னார். நான் சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா வேற வீடு பாத்துக்குவாங்க."

மகள் சாக்கின் வாயைப் பிடித்தபடி நின்றாள். "அவங்களா ஏதும் கேக்கலியா?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. மழைக்கு உள்ள வருமாக்கான்னு. நாலு விரக்கடை வரும், வடிஞ்சிடும்னேன்."

பக்கத்து அறையில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. மகள் உட்கார்ந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுக்கே வந்து என் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வச்சது அவங்கதான். காசு குடுத்தேன், வாங்கலை. வீடு பாத்துக் குடுத்த அக்கா பொண்ணாச்சேன்னாங்க."

"தெரியும்."

"தெரியுமா?" என்றாள் மகள். குழந்தை எழுந்து அழுதது. சாவியக்கா எடுக்கப் போனாள். மகள் முந்திக்கொண்டு எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

முன்பணம் கொடுக்கவில்லை. மருமகனிடம் மகள் என்ன சொன்னாளோ, அவன் அதற்குப் பிறகு கிண்டல் பேசுவதை விட்டுவிட்டான். ஒரு மாதம் கழித்து ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில், ஒரு அறை பார்த்துக்கொண்டு போனார்கள். கிடங்குக்கு இரண்டு பஸ். மருந்துக்கடை வேலையை மகள் விட வேண்டியதாயிற்று. வேறொரு தரகர் மூலமாகப் பிடித்த வீடு. அவர் முழு மாத வாடகையைத் தரகாக வாங்கினாராம். இதை அவளிடம் சொன்னது அந்தத் தரகரேதான், டீக்கடையில், எல்லாரும் கேட்க. வீட்டைக் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளையும் வந்து பார்த்தார்களாம். சாவியக்காவைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், பெற்ற மகளாச்சே என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மகள் போன் செய்வாள். குழந்தைக்குச் சளி, இவருக்கு முதுகுவலி, இங்கே பால் விலை அதிகம். வா என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

சாவியக்கா இருப்பதை இருப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். தகரக் கூரை அறையை மத்தியானம் காட்டினாள். வந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பட்டறை வீட்டைச் சுத்தியல் அடிக்கிறபோது காட்டினாள். இரண்டு வீட்டுக்காரர்கள் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். மூன்றாமவள், உனக்கு என்ன, சந்நியாசம் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, அவளும் வாங்கிக்கொண்டாள். கொத்து இளைத்தது. சாவியக்கா மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். இப்போது கூட்டிப் பெருக்குவதற்கு மட்டும் கூலி, முழங்கால் வேறு மடங்க மறுத்தது.

கால்வாய்த் தெரு வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது மழைக்காலம் தொடங்க நாலைந்து நாள்தான் இருந்தது. வானம் மூன்று நாளாகக் கருத்துக்கொண்டே இருந்தது. அவள் நடந்தே போனாள். போகிற வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தது முப்பது வயதிருக்கும் ஒரு பெண். பாட்டில் கழுவுகிற கம்பெனியில் வேலை போலிருக்கிறது. விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. பின்னால் இரண்டு பிள்ளைகள். வந்தவள் யார், என்ன என்று ஒன்றும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னாள்.

சாவியக்கா நின்றபடியே சொன்னாள். தண்ணீர் வரும் என்பதையும், சுவரைத் தொடக்கூடாது என்பதையும், மெயின் சுவிட்சையும், இங்கே ஒருத்தி செத்ததையும். தான் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அந்தப் பெண் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"தெரியும்க்கா. வீடு புடிச்சுக் குடுத்த தரகர் எல்லாத்தையும் சொல்லித்தான் குடுத்தார். அதனாலதானே பாதி வாடகை."



அந்தப் பெண் கதவுக்கு மேலே காட்டினாள். மெயின் சுவிட்ச் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கீழே ஒரு மூங்கில் குச்சி சாத்திவைத்திருந்தது. மழை வந்தால் பெரியவன் குச்சியால் இடித்து அணைத்துவிடுவானாம், பழக்கியிருக்கிறாளாம். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது மழை வந்தால் என்று சாவியக்கா கேட்கவில்லை. பெரியவனுக்கு எட்டு வயதுதான் இருக்கும்.

"உங்களுக்கு நிறைய வீடு தெரியும்னு சொல்வாங்க," என்றாள் அந்தப் பெண். "இதே வாடகைல மேடான இடமா ஒண்ணு சொல்லுங்களேன். நாளைக்கே மாறிடறேன்."

சாவியக்கா அங்கேயே நின்று ஒவ்வொரு தெருவாக மனசுக்குள் போய் வந்தாள். பட்டறைத் தெரு, பள்ளிக்கூடத்துப் பின்புறம், தகரக் கூரைகள், தண்ணீர் இல்லாத வீடுகள், ஊருக்கு வெளியே இருக்கிறவை. ஒவ்வொரு கதவாகத் திறந்து, வாடகையைப் பார்த்து, மூடினாள். அந்தப் பெண் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் குச்சியை எடுத்து விளையாட ஆரம்பித்தான். தாய் அதைப் பிடுங்கி மறுபடி சுவரில் சாத்தினாள்.

"இல்லைம்மா," என்றாள் சாவியக்கா.