சாளைக் கூடையை விட்டு வந்த மணி

பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் மேரி போன மாதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அம்மச்சி, ஒங்க நாயி இனி கூடையில வாய வச்சா நான் இந்த வழி வரமாட்டேன், கேட்டீளா."

எங்கள் மணி கூப்பிட்டால் வரமாட்டான். வந்ததும் பிடித்துச் சங்கிலியில் கட்டினால் யார்தான் வருவார்கள்? அதனால் கட்டுவதை நிறுத்தினேன். வரும்போதெல்லாம் அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு துண்டு கொடுத்துப் பழக்கினேன்.

இன்று மேரி கூடையை இறக்கியதும் மணி சாளை மீனை நோக்கிப் பாய்ந்தான்.

"மணி, இங்க வா மக்கா" என்றேன்.

நின்றான். கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வாலை ஆட்டிக்கொண்டு என்னிடமே ஓடி வந்தான்.

மேரி சொன்னாள்: "நான் விளிச்சா எனக்க மாப்பிள திரும்பிக்கூட பாக்கமாட்டாரு. கொஞ்ச நாளு இங்க கொண்டு விடட்டா?"

நாயைப் பழக்க எனக்குத் தெரியும். புருஷனைப் பழக்கியவர்கள் இருந்தால், என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மேரி காத்திருக்கிறாள்.