கப்பல் நாணயத்தின் கீறல்

நீச்சல்குளத்தில் நுழைவுச்சீட்டு கொடுப்பவளை எல்லோரும் ‘சில்லறை அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக ஈரக் கைகள் நீட்டிய காசை வாங்கிப் போட்டவள். அதில் விசித்திரமாக எது கண்ணில் பட்டாலும், தன் பையிலிருந்து அதே மதிப்புக்கு வேறொன்றைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வாள். அப்படிக் கிடைத்ததுதான் அச்சுப்பிழையில் கப்பலுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பாய்மரம் விழுந்திருந்த நாணயம். அதில் ஒட்டியிருந்த பபிள்கம்மைக் கொண்டை ஊசியால் சுரண்டப்போய், கப்பலின் அடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அவளுக்கு அதே பெயர்தான்; அங்கே அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஒருநாள் அதில் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் எழுதினார்: “மேடம், உங்க கப்பல் எனக்கும் கிடைச்சிடுச்சு! ஆன்லைன்ல வாங்கினேன்.”

அவருக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். கப்பலின் அடியில் அதே கீறல்.

பதறிப்போய் பீரோவைத் திறந்தாள். அவளுடைய நாணயம் உறைக்குள் பத்திரமாக இருந்தது. சர்வேயர் அனுப்பிய இணைப்பைத் தட்டினாள். பதினொன்று விற்றாயிற்று, இன்னும் இருக்கிறது என்றது விளம்பரம். கீழே ஒரு வரி: ‘சில்லறை அக்காவின் சேகரிப்பிலிருந்து நேரடியாக.’

அந்த நாணயம் வீட்டை விட்டு வெளியே போனது ஒரே ஒருமுறைதான். “லேப்ல நல்ல கேமரா இருக்குக்கா, பளிச்சுனு படம் எடுத்துத் தரேன்” என்று தம்பி ஒரு வாரம் வைத்திருந்தான். பல்செட் செய்யும் லேபில் அவனுக்கு வேலை. அச்செடுத்து, மெழுகில் வார்த்து, உலோகத்தில் பல் உறை செய்வான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

மதிய இடைவேளையில் நேராக லேபுக்குப் போனாள். தம்பி முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தான். அவள் போனைக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

“நீதானா?”

“மெதுவாப் பேசுக்கா. முதலாளி உள்ள இருக்காரு.”

“நீதானாடா?”

“யார் கழுத்தையும் நான் பிடிக்கல. ஆசைப்பட்டு வாங்கினாங்க, சந்தோஷமா வெச்சிருக்காங்க. இதுல யாருக்கு என்ன போச்சு?”

“என் பேரை எதுக்குடா போட்டே?”

அவன் மேஜையில் கிடந்த பல் வரிசையைத் தள்ளி வைத்தான். “பேர் போடாம மூணு மாசம் ஒண்ணுகூடப் போகலக்கா.”

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நீச்சல்குளத்துக்குத் திரும்பி வந்து சீட்டு கிழிக்கிற வேலையைப் பார்த்தாள். யாருக்கு எத்தனை கிழித்தோம் என்று பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் குழுவில் எழுதினாள். இந்தக் கீறல் உள்ளதெல்லாம் போலி, வார்த்தது என் தம்பி, நாணயத்தைக் கொடுத்து ஏமாந்தது நான். சர்வேயர் போனில் கூப்பிட்டார். “உங்க பேரைப் பாத்துத்தாம்மா வாங்கினேன்,” என்று மட்டும் சொன்னார். குழுவில் ஒருவர், “அப்ப உங்களோடது மட்டும் அசல்னு நாங்க எப்படி நம்பறது?” என்று கேட்டார். அவள் நிபுணரிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிப் போட்டாள். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

விளம்பரத்தை அந்தத் தளம் எடுத்துவிட்டது. விஷயம் முதலாளி காதுக்குப் போய், லேபிலிருந்து தம்பியை நிறுத்திவிட்டார்கள். அம்மா, “முன்னப்பின்ன தெரியாதவங்களுக்காகக் கூடப்பொறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டியேடி,” என்றாள்.

“அவன் என்னை வித்தானேம்மா,” என்றாள் இவள். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கோடை விடுமுறையில் தம்பி தன் மகளோடு நீச்சல்குளத்துக்கு வந்தான். “அத்தை!” என்று குழந்தை கவுண்டர் கம்பிக்குள் கையை நீட்டியது. அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அவன் சில்லறையை வைத்தான். அவள் ஒவ்வொரு காசாக எடுத்து விளிம்பைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் பெட்டியில் போட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு சீட்டைக் கிழித்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.