பவுடர் அக்கா எழுதிய பதில்

துணி துவைக்கும் மெஷின் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருஷம். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பவுடர் அக்கா என்றால்தான் அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். துணியில் கறை படிகிறது என்று யார் போன் செய்தாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் போகும்.

"பவுடரைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுப் பாருங்கம்மா. கரையாத பவுடர்தான் துணியில ஒட்டிக்குது."

இதைக் கம்பெனி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே யோசித்து எழுதியது. மேலாளருக்குப் பிடித்துப்போய், அச்சடித்து எல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் செருகச் சொல்லிவிட்டார். அதே ஆள் அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டால் சொல்வதற்கு இரண்டாவது வரி ஒன்றும் இருந்தது: "இன்னும் கொஞ்சம் குறைங்க."

அவள் குரல் பஞ்சு மாதிரி. எகிறிக்கொண்டு பேச ஆரம்பித்தவர்கள்கூட இரண்டு நிமிஷத்தில், வீட்டுக்குத் தெரியாமல் பவுடரை அள்ளிக் கொட்டிப் பிடிபட்டவர்கள் மாதிரி பம்மிவிடுவார்கள். சிலர் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறார்கள். அவளும் பெருந்தன்மையாக மன்னித்திருக்கிறாள்.

கம்பெனியின் புது மாடல் ஒன்றை ஊழியர் சலுகையில் வாங்கி வீட்டில் வைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவள் கணவர் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வெள்ளைக் கோட்டு போடாமல் உள்ளே நுழைய முடியாது. ஒரு திங்கட்கிழமை காலை அவர் கோட்டை உதறி விரித்தபோது, மார்புக்கு நேராக மிளகு அளவில் மூன்று கறுப்புப் புள்ளிகள்.

"இதென்ன?"

"பவுடர் அதிகமாயிருக்கும்," என்றாள் அவள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

"பவுடர் வெள்ளையாதானே இருக்கு?"

பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தாலும், இரண்டாவது வரியைச் சொல்லி அனுப்பியிருப்பாள்.

பவுடரைப் பாதியாக்கினாள். புள்ளிகள் மார்பிலிருந்து கைக்கு நகர்ந்தன. கால்வாசியாக்கினாள். முதுகுக்குப் போயின. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கவே மாட்டேன் என்று சாதித்துவிட்டாராம். அன்றைக்கு மத்தியானம் கணவர் பொறுமையிழந்து கம்பெனிக்கே போன் செய்தார். போன் சுற்றிச் சுற்றி வந்து அவள் மேசையில்தான் அடித்தது.

"பவுடரைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுப் பாருங்க சார்."

"நான்தான் பேசறேன்."

"தெரியுது. பேசறதெல்லாம் பதிவாகும். நான் இதைத்தான் சொல்லணும்."

"வீட்ல பவுடர் தீர்ந்து மூணு நாளாச்சு."

அவள் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தாள். அதற்கு மேல் அதில் வரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மெக்கானிக் வீட்டுக்கு வந்தான். அவள் குரலைப் பத்து வருஷமாகப் போனில் கேட்டவன். முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டிரம்மை வெளியே இழுத்து, உள்ளே துணியை விட்டுத் துடைத்தான். துணி தார் பூசியதுபோல வந்தது.

"கிரீஸ்க்கா. டிரம்முக்குப் பின்னாடி ஒரு ரப்பர் சீல் இருக்கு. இந்த மாடல்ல ஒண்ணரை வருஷத்துல கிழிஞ்சுடும். கிரீஸ் உள்ள வந்து துணியில படியும். பவுடருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எத்தனை வீட்ல பாத்திருக்கீங்க?"

"வேற புகாருக்குப் போற வீட்லயும் இதுதான். ஒவ்வொரு ரிப்பேர் சீட்டுலயும் எழுதித்தானே அனுப்பறேன்? அங்க யாரோ படிக்காமலே கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க போல."

யாரோ என்று அவன் சொன்னது நல்லெண்ணத்தில்தான். அந்தச் சீட்டுகள் வந்து சேருவது அவள் மேசைக்கு. கம்ப்யூட்டரில் நான்கே பிரிவுகள்: கரண்ட், சத்தம், தண்ணீர் ஒழுகல், வாடிக்கையாளர் தவறு. கறை என்று கண்ணில் பட்டதும் நான்காவதில் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுப்பது அவள் கைப்பழக்கம்.

மறுநாள் அந்த நான்காவது பிரிவின் பழைய பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலேயிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதிப்பேர் மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒருத்தர் கறுப்புச் சட்டைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். ஐந்தாவதாக ஒரு அம்மா கிடைத்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே குறைச்சுக்கிட்டே வந்தேம்மா. இப்ப நாலு மாசமா வெறும் தண்ணிதான். கறை முன்ன மாதிரி இல்லன்னுதான் எனக்குத் தோணுது. எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரி வாசனை வருதுங்கறார். அவர் எப்பவுமே எதையாவது சொல்வார்."

பவுடர் அக்கா "நாளைக்கு ஆள் அனுப்பறேம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகும் கை போன் மேலேயே இருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"சீல்னு ஒரு பிரிவே இல்லையேம்மா."

"புதுசா சேர்க்கலாமே சார்."

"பிரிவு சேர்த்தா புகார் வரும்."

எந்தப் பிரிவில் போட்டால் சீல் கிடைக்கும் என்று அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாள். தண்ணீர் ஒழுகல் என்று சீட்டுப் போட்டால் உதிரிபாக ஸ்டோரில் கேள்வி கேட்காமல் சீலை எடுத்துக் கொடுப்பார்கள் என்றான். "பொய்யும் இல்லக்கா. சீல் கிழிஞ்சா தண்ணியும் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கசியத்தான் செய்யும்."

அன்றிலிருந்து கறை என்று யார் கூப்பிட்டாலும் அவள் அதே பஞ்சு மாதிரிக் குரலில், "மெஷினுக்கு அடியில லேசா ஈரம் இருக்காம்மா? நல்லா குனிஞ்சு பாத்துட்டு ஆமான்னு சொல்லுங்க" என்பாள். பெரும்பாலானோர் குனியாமலே ஆமா என்றார்கள். தண்ணீரில் துவைத்த அம்மாவுக்கும் சீல் மாறியது. எத்தனை கரண்டி பவுடர் போடலாம் என்று பவுடர் அக்காவையே கேட்டு எழுதி வாங்கி வரும்படி அந்த அம்மா மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பினாராம்.

ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் தவறு என்ற பிரிவு காலியாகிவிட்டது. வாடிக்கையாளர்களைத் திருத்திய சாதனைக்காக அவளுக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டி முடித்ததும் மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் கவலை.

"தண்ணி ஒழுகல் கணக்கு திடீர்னு எங்கயோ ஏறிப் போயிடுச்சு. உன் கையாலயே இதுக்கும் ஒரு பதில் எழுதிக் குடு. தரை மட்டமா இல்லைன்னு ஏதாவது."

மத்தியானமே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஆள் அனுப்பறோம்னு மட்டும்தான் இருக்கு. இதுல அவங்க தப்பு எங்க?"

"தேடிப் பாத்தேன் சார். கிடைக்கல."

தாள் இன்னும் அவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. மெக்கானிக் தினமும் காலையில் ஸ்டோரில் நின்று ஒரு பை நிறைய சீல் வாங்கிக்கொண்டு கிளம்புகிறான்.