நீலம் விட்ட சிமிழ்

பேச்சியம்மாவுக்குப் பேய் என்றால்கூடப் பயமில்லை. தொரசாணி அலங்காரம் பண்ணும் கண்ணாடி மேசையைக் கண்டால்தான் பயம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையும் அவர் பெண்சாதி தொரசாணியும் இருக்கிற பங்களாவில் அவள் ஆயா. வேலைக்கு வந்து, 1954-ஆம் வருஷத்தோடு ஆறு வருஷமாயிற்று.

அந்த மேசையில் ஐந்து சீனச் சிமிழ்கள். பவுடருக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, மற்றதெல்லாம் வெறும் அழகுக்கு! நீலத்தில் பறவை, மூங்கில், குடை பிடித்த பெண். கண்டியில் ஒரு வியாபாரியிடம் தொரசாணி தேடித் தேடி வாங்கியவை. முன்னூறு வருஷப் பழசு என்று, வருகிற தொரசாணிமாரிடமெல்லாம் பெருமையடிப்பாள். ஒன்று உடைந்தாலும் தோட்டத்தை விட்டு விலக்குகிற பத்துச்சீட்டுத்தான். வேலை மட்டுமா போகும்? புருஷன் பழனியாண்டியும் இரண்டு பிள்ளைகளும் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவைக் காலி பண்ணிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

அன்றைக்கு ஒரு சிமிழில் பவுடர் அப்பிக் கிடந்தது. துணியை வெந்நீரில் நனைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தாள். அடப் பாவமே, துணியெல்லாம் நீலம்! பறவைக்குத் தலையைக் காணோம்.

மறைக்கலாமா? எத்தனை நாளைக்கு? முருகா முருகா என்று தொரசாணி முன்னால் போய்த் துணியை நீட்டினாள்.

"அம்மா, தெரியாமத் தொடச்சிட்டேங்க. சாயம் போயிருச்சுங்க. புள்ளகுட்டிக்காரிங்க, மன்னிச்சிருங்க."

தொரசாணி கத்தவில்லை. விரலை நனைத்து இன்னொரு சிமிழில் தேய்த்தாள். நீலம். ஐந்திலும் அப்படியே. சூளையில் சுட்ட பழைய சித்திரம் தண்ணீருக்கு அசையுமா? இது நேற்றுப் பூசிய சாயம். கண்டிக்காரன் நன்றாக நாமம் போட்டிருக்கிறான்! வெள்ளை முகம் இன்னும் வெளுத்தது.

"யார்கிட்ட சொன்னே?"

"சாமி சத்தியமா யார்கிட்டயும் இல்லீங்கம்மா."

"சரி. வீட்டுக்குப் போ."

திட்டாமல் விட்டதுதான் பேச்சியம்மாவை இன்னும் பயமுறுத்தியது. "ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா மனசு ஆறியிருக்கும்" என்று பழனியாண்டியிடம் புலம்பித் தீர்த்தாள்.

மறுநாள் காலையில் கணக்கப்பிள்ளை வீரய்யா காம்பரா வாசலில் வந்து நின்றார். கையில் கடதாசி.

"என்னா காரியம் பண்ணிட்ட பேச்சி? குடும்பத்துக்கே பத்துச்சீட்டு."

"சாயந்தானுங்க போச்சு!"

"சாயமா? அஞ்சு சிமிழையும் போட்டு ஒடச்சிட்டியாம். நானே பாத்தேன், தரையெல்லாம் சில்லு."

"ஐயோ, நான் ஒண்ணக்கூட ஒடைக்கலீங்க!"

அப்படியென்றால் வேறு யார் உடைத்தது? ஏமாந்தது வெளியே தெரியாமலிருக்கத் தொரசாணியே போட்டு உடைத்தாள் என்றால் எவன் நம்புவான்? பழனியாண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் மெதுவாகக் கேட்டான்: "நெசத்தச் சொல்லு புள்ள. ஒடச்சிட்டியா?"