இலவசமாக வந்த பெங்குயின்

இன்று பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தை சோதனைச் சாவடியில் லப்டொப்பைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள்.

என்னுடையதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் பொலிஸ்காரரின் முகம் மாறியது.

“இதில என்ன செய்யிறாய்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“கேம் விளையாடுறனான், சேர்.”

பெங்குயின் ஒன்று பனியில் சறுக்கி மீன் பொறுக்கும் விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“எங்க வாங்கினது?”

“வாங்கேல்ல சேர், இலவசம்.”

“ஆர் சும்மா தாறது?”

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டினேன்.

“வெளிநாடுகளில இருக்கிற ஆக்கள் சேர்ந்து செய்து அனுப்புறவை, சேர்.”

இந்த யுத்த நேரத்தில் ஒரு தமிழன் வாயில் அது இயக்கத்துக்கு வரும் உதவி மாதிரித்தான் கேட்கும். அதன்பிறகு அடையாள அட்டை, கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவு, யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று ஒன்றரை மணி நேரம் விசாரணை.

யாரிடமாவது திருட்டு விண்டோஸ் சீடி இருந்தால் தாருங்கள். நாளையிலிருந்து சந்தேகத்துக்கு இடமில்லாத ஆளாக நடமாட வேண்டும்.